வித்திலிருந்து குடைமிளகாய்
வீட்டுத் தோட்டத்திற்கும் பள்ளித் தோட்டத்திற்கும் ஒரு விளக்கம்

சந்தையில் வாங்கிய குடைமிளகாயை நறுக்கும்போது அதன் உள்ளேயிருந்து நூற்றுக்கணக்கான வித்துக்கள் உதிர்கின்றன. இவற்றை ஊன்றினால் முளைக்குமா என்ற கேள்வி அப்போது எவருக்கும் எழுவது இயல்பு. கிராமங்களில் பணியாற்றும் விரிவாக்க ஊழியர்களிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும் இக்கேள்வி அடிக்கடி வந்து சேர்கிறது. "ஊன்றிப் பாருங்கள்" என்று விடை கூறிவிடுவது எளிது. ஆனால் அவ்வாறு ஊன்றியவர்களிற் பலர் பின்வரும் நான்கு குறைகளில் ஏதேனும் ஒன்றைக் கூறிக்கொண்டு திரும்பி வருவதைக் காண்கிறோம். வித்து முளைக்கவில்லை, முளைத்த நாற்று ஒரே இரவில் சாய்ந்து விழுந்தது, செடி செழித்து வளர்ந்தும் பூக்களெல்லாம் உதிர்ந்தன, முதலாண்டு நன்றாகக் காய்த்த செடியின் வித்தை மறு ஆண்டு விதைத்தபோது காய் காரமாகிவிட்டது.

இந்நான்கிற்கும் மண்ணையோ கைராசியையோ குறை கூறுவது பொதுவழக்கம். உண்மையில் ஒவ்வொன்றிற்கும் தெளிவான, எளிதில் விளங்கக்கூடிய காரணம் உண்டு. ஊழியர் ஒருவர் இக்காரணங்களை அறிந்திருப்பாராயின், ஒரு குடும்பத்தின் மூன்று மாத உழைப்பு வீணாகாமற் காக்கலாம். ஒரு முறை தோற்றவர் தோட்டத்தையே கைவிட்டுவிடுவதும் உண்டாகையால் இது சிறு காரியமன்று.

பயிரின் வரலாறு

குடைமிளகாயும் நாம் நாள்தோறும் குழம்பிலிடும் மிளகாயும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. தாவர நூலார் அவ்வினத்தைக் காப்சிகம் ஆனுவம் என வழங்குவர். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவை அடங்கிய குடும்பமே இதன் குடும்பமும் ஆகும். பெயரில் மட்டுமே உறவுடைய மிளகு முற்றிலும் வேறொரு குடும்பத்தது. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். இவ்வினம் முதன்முதல் பயிராக்கப்பட்டது மெக்ஸிகோ நாட்டில். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வாயிலாக இது இந்தியாவிற்கு வந்தது.

காரமற்ற பெரிய காய்களைத் தரும் வகைகள் நம் நாட்டில் ஆங்கிலேயர் காலத்தில் குளிர்ச்சியான மலைப்பகுதிகளில் பயிராயின. வடநாட்டில் இதற்குச் 'சிம்லா மிர்ச்' என்ற பெயர் வழங்குவதே அம்மலைத் தொடர்பைக் காட்டும். மகாராஷ்டிரத்தில் 'டோபளி மிர்ச்சி' என்பர். அமெரிக்காவில் 1928-இல் வெளியான 'கலிபோர்னியா வொண்டர்' என்னும் வகை நம் நாட்டிலும் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வருகிறது. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தெரிவு செய்து அளித்த வகைகளுள் 'அர்க்கா மோகினி' பழுக்கும்போது சிவப்பாகவும், 'அர்க்கா கௌரவ்' ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவும் மாறும். இவை கலப்பினங்கள் அல்லவாகையால், வித்தெடுத்து மீண்டும் விதைக்க விரும்புவோருக்கு ஏற்றவை.

முதற் குறை: வித்து முளையாமை

பச்சை நிறமாக விற்கப்படும் குடைமிளகாய் முதிர்ந்த காய் அன்று. அது உண்பதற்கு ஏற்ற பருவத்தில் பறிக்கப்பட்ட இளங்காய். அதனுள் இருக்கும் வித்து உருவில் முழுமை பெற்றதுபோல் தோன்றினும், முளைக்கரு நிறைவுறாமலும் உணவுச் சேமிப்பு முற்றுப்பெறாமலும் இருக்கும். பூத்து ஏறக்குறைய ஐம்பது முதல் அறுபது நாட்கள் சென்று, காய் செடியிலேயே முழுவதும் நிறம் மாறிய பின்னரே வித்து நன்கு முற்றும். ஆகவே பச்சைக் காயின் வித்தை ஊன்றி ஏமாற்றமடைவது எதிர்பார்க்கத்தக்கதே.

முற்றிலும் சிவந்த அல்லது மஞ்சளான காயின் வித்து முளைக்கும். ஆயினும் அங்கே மற்றோர் இடர் உண்டு. நிறமுள்ள பெரிய காய்கள் பெரும்பாலும் பசுமைக் குடில்களில் வளர்க்கப்படும் கலப்பின வகைகளைச் சேர்ந்தவை. கலப்பினச் செடியின் வித்திலிருந்து எழும் செடிகள் தாயைப்போல் ஒரே சீராக இருப்பதில்லை. காயின் பருமன், வடிவம், நோய் தாங்கும் தன்மை ஆகியவை செடிக்குச் செடி வேறுபடும். பள்ளியில் பரிசோதனைக்காக வளர்க்க இது தடையன்று. நிச்சயமான பலனை விரும்பும் இல்லத்தார் நம்பகமான விதை நிலையத்திலிருந்து வித்து வாங்குவதே நன்று. அவ்வித்துக்களிற் பல மருந்து பூசப்பட்டு வண்ணமிடப்பட்டிருக்கும். அவற்றைக் குழந்தைகள் வாயிலிடாதபடி காப்பதும், விதைத்தபின் கைகளைக் கழுவுவதும் அவசியம்.

வித்து முற்றியதாக இருப்பினும் வெப்பம் போதாவிடில் முளைப்பு தாமதிக்கும். மண்ணின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை இருப்பின் எட்டு அல்லது ஒன்பது நாட்களில் முளை வெளிவரும். 20 டிகிரியில் பன்னிரண்டு, பதின்மூன்று நாட்கள் ஆகும். 15 டிகிரியிலோ இருபத்தைந்து நாட்கள் வரை ஆகலாம். அதற்குள் ஈர மண்ணில் கிடக்கும் வித்து அழுகிவிடுவது பெரும்பான்மை. வட இந்தியக் குளிர்காலத்தில் நாற்றுத் தட்டுகளைப் பகலில் வெயிலிலும் இரவில் வீட்டினுள்ளும் வைப்பதும், கண்ணாடி அல்லது பாலித்தீன் தாளால் மூடுவதும் இக்காரணம் பற்றியே.

பருவமும் இடமும்

நாடு முழுவதற்கும் ஒரே விதைப்புக் காலம் கூறுதல் இயலாது. பூக்கும் காலத்தில் இரவுகள் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். ஆனால் கடுங்குளிர் கூடாது. இவ்விதியைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால் விதைக்கும் மாதம் கிடைக்கும். இமயமலையின் நடுத்தர உயரப் பகுதிகளில் மார்ச், ஏப்ரலில் விதைத்துக் கோடையிலும் மழைக்காலத்திலும் காய் பறிப்பர். சமவெளிச் சந்தைகளில் வேறு குடைமிளகாய் அருகியிருக்கும் அக்காலத்தில் ஹிமாசலப் பிரதேச விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைப்பது இதனாலேயே. வடநாட்டுச் சமவெளிகளில் நவம்பர் மாதத்தை ஒட்டி மூடிய நாற்றங்காலில் விதைத்து, பனி நீங்கியதும் பிப்ரவரியில் நடுவது வழக்கம். பெங்களூரைச் சூழ்ந்த பீடபூமியில் கடுங்கோடை நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதியும் ஏற்றதே. தமிழ்நாட்டுச் சமவெளியில் ஆகஸ்டு இறுதியில் விதைப்பின், நவம்பர் முதல் ஜனவரி வரையுள்ள இதமான இரவுகளில் செடி பூக்கும். கடற்கரை மாவட்டங்களில் அக்காலத்தே பெருமழை பெய்வதால் நீர் தேங்காத உயர்ந்த பாத்தியோ தொட்டியோ இன்றியமையாதது.

இரண்டாம் குறை: நாற்றுச் சாய்தல்

நாற்று முளைத்த சில நாட்களில் தண்டின் அடிப்பகுதி மண்மட்டத்தில் நீர்கோத்து மெலிந்து சாய்ந்துவிடும். இதனை நாற்றழுகல் என்பர். மண்ணில் வாழும் பித்தியம், ரைசாக்டோனியா முதலிய பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் இதற்குக் காரணம். அவை பரவுவதற்கு வழிசெய்து கொடுப்பவர் நாமே. மிகுந்த நீர், நெருக்கமான விதைப்பு, காற்றோட்டமின்மை ஆகிய மூன்றுமே அவ்வழிகள்.

மணல், நன்கு மக்கிய எரு, தோட்டமண் ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து சலித்துக்கொள்ளவேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் வளர்ந்த இடத்து மண்ணை எடுத்தலாகாது. வாடல் நோய்க் கிருமிகள் அதில் தங்கியிருக்கக்கூடும். சிறிதளவு மண்ணாயின் அதன்மேல் கொதிநீர் ஊற்றி ஆறவைத்துப் பயன்படுத்தலாம். மிகுதியான மண்ணைக் கோடையில் ஈரமாக்கி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரங்கள் மூடிவைத்தால் வெயிலின் வெப்பமே பெரும்பாலான நோய்க்கிருமிகளை அழித்துவிடும்.

அடியில் துளையுள்ள தட்டு அல்லது தேங்காய்ச் சிரட்டை எதுவும் நாற்றுக்குப் போதும். வித்துக்களை வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத ஆழத்தில், இரண்டு விரல் இடைவெளி விட்டு ஊன்றவேண்டும். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியை வித்தில் தடவி விதைத்தலும் பயன் தரும். பூவாளியால் மெல்ல நீர் தெளித்து, மேல்மண் வெளிறத் தொடங்கும்போதுதான் அடுத்த நீர் விடவேண்டும். முளை கண்டவுடன் மூடியை அகற்றி வெளிச்சத்தில் வைக்கவேண்டும். இருளில் வைத்த நாற்று ஒளியை நாடி நீண்டு மெலியும். அத்தகைய நாற்று பின்னர் தேறுவது அரிது.

நடுதலும் பேணுதலும்

விதைத்து ஐந்து அல்லது ஆறு வாரங்களில் நாற்று நான்கு அல்லது ஐந்து உண்மையிலைகளைப் பெறும். அதுவே நடும் பருவம். நடுவதற்கு ஒரு வாரம் முன்னரே நீரைக் குறைத்து, வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கவேண்டும். மாலையில் நடுதல் நலம். தரையிலாயின் செடிக்குச் செடி 45 சென்டிமீட்டரும், வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும் விடலாம். தொட்டியாயின் 30 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ளதில் ஒரு செடி மட்டுமே வைக்கவேண்டும். நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் படவேண்டும்.

செடி ஓரளவு உயர்ந்ததும் தண்டு இரண்டாகக் கவைத்து, அக்கவையில் முதற் பூ தோன்றும். அதைக் கிள்ளிவிடுவதே நல்லது. அவ்வாறு செய்யாவிடில், செடியின் சக்தியெல்லாம் அவ்வொரு காய்க்கே சென்று கிளைகளின் வளர்ச்சி குன்றும். காய்ப் பாரத்தால் கிளைகள் எளிதில் ஒடியுமாதலால் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டவேண்டும்.

மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மக்கிய எரு இடுதல் போதும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அளவின்றி இட்டால் இலை அடர்ந்து காய் குறையும். காயின் நுனி கறுத்துத் தோல்போல் உலர்வது நோய்க்கிருமியால் அன்று. காய்க்குப் போதிய சுண்ணாம்புச் சத்து சென்று சேராமையே அதற்குக் காரணம். மண்ணில் சுண்ணாம்பு இருப்பினும், நீர் ஒரு நாள் மிகுந்தும் மறுநாள் வறண்டும் போகுமாயின் அச்சத்து காயை எட்டாது. எனவே இதற்கு முதல் மருந்து ஒழுங்கான நீர்ப்பாய்ச்சலே. வைக்கோல் அல்லது உலர்ந்த இலைகளால் மண்ணை மூடிவைத்தால் ஈரம் நிலைக்கும்.

இலை மேல்நோக்கிச் சுருளுமாயின் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருளுமாயின் சிலந்திப்பேனையும் ஐயுறவேண்டும். இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். இலை திட்டுத்திட்டாக வெளிறித் தேமல் கண்ட செடியைக் காப்பாற்ற வழியில்லை. அது வைரஸ் நோயாகையால் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்றவற்றுக்குப் பாதுகாப்பு. புகையிலைத் தேமல் வைரஸ் பீடி, சுருட்டுப் புகையிலையிலும் அழியாது தங்கியிருக்கக்கூடும். ஆகவே புகையிலையைக் கையாண்டவர் சோப்பிட்டுக் கைகழுவாமல் செடியைத் தொடலாகாது.

மூன்றாம் குறை: பூ உதிர்தல்

செடி பச்சைப்பசேலென இருக்கிறது, ஆனால் பூ நிற்பதில்லை என்பது சமவெளியில் எங்கும் கேட்கப்படும் குறை. இதற்கு மூல காரணம் இரவு வெப்பம். இரவில் 16 முதல் 21 டிகிரி வரை இருப்பின் காய் நன்றாகப் பிடிக்கும். பகல் 32 டிகிரியையும் இரவு 24 டிகிரியையும் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் காம்போடு உதிரத் தொடங்கும். இதற்கு நேர்மாறாக, கடுங்குளிர் இரவுகளிலும் மகரந்தம் கெடும். அப்போது வித்தில்லாத சிறுத்த, தட்டையான காய்களே உண்டாகும். இக்குறையை உரத்தால் தீர்க்க முடியாது. பருவம் தவறிய செடிக்கு உரத்தின்மேல் உரம் இடச்சொல்வது பொருளை விரயமாக்குவதேயாகும்.

கோடையில் அகப்பட்ட செடிக்கு நண்பகலில் நிழல்வலை கட்டுவதும், பூக்கும் காலத்தில் வேர் வறளாமற் காப்பதும் ஓரளவு உதவும். வெப்பமிக்க ஊர்களில் பெரிய காய் வகைகளை விடச் சிறிய காய் வகைகள் நன்றாகப் பிடிக்கும். பலர் உதிர்ந்த பூக்களைக் கண்டு செடியையே பிடுங்கிவிடுகின்றனர். அது வேண்டியதில்லை. நோயற்ற செடியாயின், இரவுகள் குளிர்ந்ததும் அது மீண்டும் பூத்துக் காய்க்கும்.

நட்ட இரண்டு முதல் இரண்டரை மாதங்களில் பச்சைக் காய் பறிக்கலாம். நிறம் மாற மேலும் மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். காயை இழுத்துப் பறித்தால் கிளை ஒடியும். கத்தரிக்கோலால் காம்புடன் வெட்டவேண்டும். தொட்டிச் செடி ஒன்றிலிருந்து ஆறு முதல் பத்துக் காய்கள் கிடைப்பின் அது நல்ல பலனேயாம்.

நான்காம் குறை: இனிப்பு காரமாதல்

மிளகாயின் காரத்திற்குக் காரணம் கேப்சைசின் என்னும் பொருள். அது வித்தில் உண்டாவதன்று. வித்துக்கள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில் உண்டாவது. குடைமிளகாயில் அப்பொருள் உண்டாவதில்லை. அதனை ஆக்குவதற்கு இன்றியமையாத ஜீன் ஒன்றின் ஒரு பகுதி குடைமிளகாயில் விடுபட்டுப் போயிருப்பதே இதற்குக் காரணம் என 2005-இல் வெளியான ஆராய்ச்சி தெளிவாக்கியது. எனவே காரம் ஓங்கு பண்பு. காரமின்மை ஒடுங்கு பண்பு.

மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். எனினும் தேனீக்களும் பிற பூச்சிகளும் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொன்றிற்குக் கொண்டுசெல்வதும் கணிசமாக நிகழ்கிறது. வீட்டின் பின்புறத்தில் காரமிளகாயும் குடைமிளகாயும் அருகருகே நிற்கின்றன எனக் கொள்வோம். காரமிளகாயின் மகரந்தம் குடைமிளகாய்ப் பூவில் விழுந்தாலும் அவ்வாண்டின் காய் காரமாகாது. ஏனெனில் காயின் தசை முழுவதும் தாய்ச் செடியின் உறுப்பு. கலப்பு வித்தினுள்ளேதான் மறைந்திருக்கும். அவ்வித்தை மறு ஆண்டு விதைக்கும்போதுதான் காரமான காய் வெளிப்படும். அதற்குள் அண்டைச் செடியை நாம் மறந்திருப்போமாகையால், விதை மோசம் என்றோ மண்ணின் குணம் என்றோ பழி கூறுகிறோம்.

இதைத் தவிர்ப்பது எளிது. மலரவிருக்கும் மொட்டுக்கள் சிலவற்றை மெல்லிய துணிப்பையால் மூடித் தளர்வாகக் கட்டவேண்டும். நாளொன்றிற்கு ஒருமுறை மெல்ல அசைத்துவிட்டால் மகரந்தம் அதே பூவில் விழும். பிஞ்சு தெரிந்ததும் பையை அகற்றி, அடையாளமாகக் காம்பில் வண்ண நூல் கட்டிவிடலாம். அக்காய் செடியிலேயே முழுவதும் பழுத்தபின் வித்தெடுத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். வித்தின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது விதைச் சேமிப்பில் வழங்கும் பொதுவிதி. சாதாரணமாக வைக்கப்பட்ட வித்து இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குமேல் நம்பத்தக்கதன்று.

ஆசிரியர்களுக்கு இரண்டு சோதனைகள்

முதலாவது, முளைப்புச் சோதனை. பச்சைக் காயிலிருந்து ஐம்பது வித்தும் சிவந்த காயிலிருந்து ஐம்பது வித்தும் எடுத்து, ஈரத் துணியில் தனித்தனியே பரப்பிச் சுருட்டி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துப் பதினான்கு நாட்கள் கவனிக்கச் சொல்லலாம். முளைத்தவற்றை எண்ணிச் சதவீதம் காண்பது மாணவர்க்குக் கணக்குப் பயிற்சியுமாகும். சான்றளிக்கப்பட்ட மிளகாய் வித்திற்கு நம் நாட்டில் விதிக்கப்பட்டுள்ள குறைந்த அளவு 60 சதவீதம். தாம் கண்ட எண்ணை அதனோடு ஒப்பிடும்போது பச்சைக் காய் வித்து ஏன் ஏமாற்றியது என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

இரண்டாவது, மெண்டலின் விதியைக் காட்டுவது. குடைமிளகாய்ப் பூவின் மகரந்தப் பைகளை அவை வெடிக்குமுன் அகற்றி, காரமிளகாயின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, பையிட்டு மூடவேண்டும். அவ்வித்திலிருந்து வரும் செடிகள் யாவும் காரமாகவே இருக்கும். அச்செடிகளின் பூக்களை மூடித் தன்மகரந்தத்தால் காய்க்கவிட்டு விதைத்தால், அடுத்த தலைமுறையில் காரமுள்ளவை மூன்று பங்கும் காரமற்றவை ஒரு பங்குமாகப் பிரியும். பத்துப் பன்னிரண்டு செடிகளில் இவ்விகிதம் துல்லியமாக வாராது. செடிகளின் எண்ணிக்கை கூடக்கூட நெருங்கி வரும். பருவத்திற்கு ஒரு தலைமுறையாக இச்சோதனை மூன்று பருவங்கள் நீளுமாதலால், ஒரு வகுப்பு தொடங்கியதை அடுத்த வகுப்பு முடித்துவைக்கவேண்டியிருக்கும். குறிப்பேடு ஒழுங்காக எழுதப்படின் அதுவும் ஒரு நல்ல பாடமே.

முடிவாக

குடைமிளகாயின் உணவுச் சிறப்பு வைட்டமின் 'சி' ஆகும். பச்சைக் காயின் 100 கிராமில் ஏறக்குறைய 80 மில்லிகிராமும், சிவந்த காயில் 120 மில்லிகிராமுக்கு மேலும் அது உண்டு. ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி அவ்வைட்டமினைப் பெருமளவில் பிரித்தெடுக்கப் பயன்படுத்தியதும் அவர் நகரைச் சூழ்ந்து விளைந்த மிளகாய் இனத்தையே. 1937-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். நீண்ட நேரம் வேகவைத்தால் இச்சத்து பெரிதும் குறையுமாகையால், குறைவாக வதக்கியோ பச்சையாகவோ உண்பது நலம்.

முளைக்காத வித்து, சாய்ந்த நாற்று, உதிர்ந்த பூ, காரமான காய் ஆகிய நான்கில் எதைக் கூறிக்கொண்டு ஒருவர் வந்தாலும், "எந்தக் காயின் வித்து? எந்த மாதம் விதைத்தீர்? எவ்வளவு நீர் விட்டீர்? பக்கத்தில் என்ன செடி நிற்கிறது?" என்ற நான்கு கேள்விகளை முதலிற் கேட்பது ஊழியர்க்கு உதவும். பெரும்பாலான சமயங்களில் விடை அவற்றிலேயே அடங்கியிருக்கும். காரணத்தை அறிந்துகொண்ட இல்லத்தார் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைப்பர்.